காசோலைக்கும் வயதுண்டு

நம்மவர் வீடுகளிலே பழைய கடதாசிகளுக்கென்று ஒரு பெட்டி இருக்கும். காணி உறுதி, சாதகக் குறிப்பு, பிறப்புப் பத்திரம், எப்போதோ கட்டிய வரிக்குரிய பற்றுச்சீட்டு, வெளியூரிலிருந்து வந்த கடிதங்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஊரை விட்டுப் புறப்படவேண்டிய வேளைகளிலே அடுப்பில் வைத்த பானையை மறந்தாலும் அந்தப் பெட்டியை மறவாதவர்கள் நம் தாய்மார். அத்தகைய பெட்டியைத் துப்புரவு செய்யும்போது, அடியிலே மங்கிப்போன காசோலை ஒன்று அகப்படுவதுண்டு. அகப்பட்டதும் வீட்டார் எல்லோருக்கும் எழுகின்ற கேள்வி ஒன்றே: "இதற்கு இப்போதும் காசு கிடைக்குமா?"

வணிகக் கல்வி கற்பிப்பவன் என்ற காரணத்தால் இக்கேள்வி என்னிடம் பன்முறை வந்திருக்கிறது. மாணவர் கேட்டிருக்கின்றனர், மாணவரின் பெற்றோரும் கேட்டிருக்கின்றனர். "கிடைக்காது" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயின் அவ்விடை பாதி உண்மையே. காசோலைக்கு ஒரு வயதும், அக்காசோலை எதற்காக எழுதப்பட்டதோ அந்தக் கடனுக்கு வேறொரு வயதும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே பலர் வரவேண்டிய பணத்தை இழக்கின்றனர். வேறு சிலர் வராத பணத்தை வருமென்று எண்ணி ஏங்குகின்றனர்.

முதலிலே காசோலை என்பது யாது என்று பார்ப்போம். காசும் ஓலையும் சேர்ந்த அழகிய சொல் அது. ஆனால் அது காசு அன்று, ஓலை மாத்திரமே. ஒருவர் தம்முடைய வங்கிக்கு, "இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடுக்க" என்று எழுதும் கட்டளை அது. இம்முறை நமக்குப் புதிதுமன்று. கொழும்பிலே செட்டியார் தெரு என்ற பெயர் நிலைப்பதற்குக் காரணமான நாட்டுக்கோட்டைச் செட்டிமார், உண்டியல் என்னும் கட்டளைச் சீட்டுகளைக் கொண்டு கடல் கடந்தும் பணத்தை நடத்தியவர்கள். அந்த உண்டியல் என்ற சொல்லே இன்று நம் சட்டத்தமிழில் மாற்றுண்டியல் என வழங்குகின்றது. காசோலையை ஆளும் சட்டமும் 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமே. இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி எழுந்தது அது.

கட்டளை என்பதனால் அதற்குச் சில இயல்புகள் உண்டு. எழுதியவர் அதை நிறுத்தும்படி வங்கிக்கு அறிவிக்கலாம். எழுதியவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வங்கிக்குக் கிடைத்த மாத்திரத்தே அக்கட்டளையின்படி பணம் கொடுக்கும் அதிகாரம் வங்கிக்கு அற்றுப்போகும். கணக்கிலே பணம் இல்லையாயின் கட்டளை வெறுங் கடதாசியே. இவையெல்லாம் காலஞ் செல்லச் செல்ல நேரக்கூடியவை. ஆதலாலேயே வங்கிகள் பழைய காசோலையைக் கண்டால் தயங்குகின்றன.

எவ்வளவு காலம் பழையது? இலங்கையில் வங்கிகளின் வழக்கம் ஆறு மாதம். அதன்பின் கொண்டுசென்றால், காலங்கடந்தது என்று குறித்துத் திருப்பிவிடுவார்கள். இந்தியாவிலும் முன்பு ஆறு மாதமே இருந்தது. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி முதல் அதை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவிலே ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காசோலைக்குப் பணம் கொடுக்க வங்கி கடமைப்பட்டதன்று. ஆயினும் நல்லெண்ணத்தோடு கொடுத்தால் குற்றமில்லை. அந்நாட்டுத் திறைசேரியின் காசோலைகள் ஒரு காலத்தில் எத்தனை ஆண்டு சென்றாலும் செல்லுபடியாயின. 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் எழுதப்படுபவற்றுக்கு ஓராண்டே ஆயுள். பிறநாட்டிலிருந்து ஓய்வூதியமோ உதவிப்பணமோ காசோலையாக வரப்பெறும் குடும்பங்கள் இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தல் நன்று.

இனி, கடனின் வயது. இதனைச் சட்டநூலின் மொழியிற் சொல்வதிலும், என்னிடம் வந்த ஒரு காசோலையின் வரலாற்றாற் சொல்வதே விளங்கும்.

2023ஆம் ஆண்டிலே எங்கள் கல்லூரி உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பாடம் முடிந்தபின் என்னிடம் வந்து, ஒரு பழைய காசோலையின் படத்தைத் தன் கைபேசியிற் காட்டினான். அது 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் திகதி எழுதப்பட்டது. தொகை 6,300 ரூபா. எழுதியவர் கொழும்புப் புறக்கோட்டையில் வெங்காயம், மிளகாய் வாங்கி விற்ற ஒரு கொமிஷன் கடைக்காரர். பெறுநர் அம்மாணவனின் அப்பப்பா. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்திலே விளைந்த வெங்காயத்தை லொறியில் ஏற்றி அனுப்பியதற்குரிய பணம் அது. இரண்டு குறுக்குக் கோடுகளுடன், எழுத்தும் கையொப்பமும் சற்றும் சிதையாமல் இருந்தது.

"சேர், இதை வங்கியிலே கொடுத்தால் எடுக்கலாமா? அக்காவின் பல்கலைக்கழகச் செலவுக்கு உதவும்" என்று அவன் கேட்டான். அவனுடைய தகப்பனார் கூலிவேலை செய்பவர் என்பதை நான் அறிவேன். ஆதலால் அக்கேள்வியை வகுப்பறை வினாவாகக் கருத என்னால் இயலவில்லை. அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன்.

காசோலை ஏன் மாற்றப்படவில்லை என்பதை அவனுடைய அப்பம்மா சொன்னார். எண்பது வயதைக் கடந்தவர், நினைவு மங்காதவர். தபாலில் அது வந்துசேர்ந்தது ஜூலை மூன்றாம் வாரத்தின் கடைசியில். திங்கட்கிழமை பட்டணத்துக்குப் போய் வங்கியில் இடுவதென்று பெரியவர் வைத்திருந்தார். அந்தத் திங்கட்கிழமை ஜூலை 25. கொழும்பு எரிகின்றதென்ற செய்தியே அன்று வந்தது. அடுத்த சில நாட்களில் அந்தக் கடைக்காரரின் கடையும் சாம்பலாயிற்று என்று லொறிச் சாரதி ஒருவர் வந்து கூறினார். கடைக்காரர் குடும்பத்துடன் அகதி முகாமில் இருந்து, பின்னர் கடல் கடந்து போய்விட்டார்.

"தம்பி, நானும் அண்டைக்குச் சொன்னனான், ஒருக்கால் வங்கியிலை குடுத்துப் பாருங்கோவன், கணக்கிலை காசு கிடந்தாலும் கிடக்கும் எண்டு. 'எல்லாம் எரிஞ்சு உடுத்த உடுப்போடை நிக்கிற மனிசன், கணக்கிலை கிடக்கிறதை எண்டாலும் எடுத்துத் திண்ணட்டும்' எண்டு சொல்லிப்போட்டுப் பெட்டிக்குள்ளை வைச்சிட்டார். பிறகு அந்தக் கதையே எடுக்கேல்லை" என்றார் அம்மூதாட்டி.

பெரியவர் இறந்துவிட்டார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் யாவரும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, காசோலையும் உறுதிகளோடு பெட்டியிலே சென்று, பெட்டியிலே திரும்பி வந்தது. நாற்பது ஆண்டு கழித்துப் பேரன் கையில் அகப்பட்டது.

இனிச் சட்டம் என்ன சொல்கின்றது என்பதைப் பார்ப்போம். 1984ஆம் ஆண்டு ஜனவரி நடுப்பகுதியோடு அக்காசோலை வங்கி வழக்கப்படி காலங்கடந்ததாயிற்று. ஆனால் கடன் அப்போது சாகவில்லை. வழக்குத் தொடுப்பதற்குரிய கால எல்லைகளை வகுப்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் இன்றும் நம்மை ஆள்வது அது. விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கு அச்சட்டம் தரும் காலம் ஓராண்டு மாத்திரமே. வாய்ப்பேச்சான உடன்படிக்கைக்கு மூன்று ஆண்டு. மாற்றுண்டியலுக்கும் எழுத்திலுள்ள வாக்குறுதிக்கும் ஆறு ஆண்டு. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வெங்காய விலை என்று மாத்திரம் கேட்டால் ஓராண்டில் உரிமை கழிந்துபோம். காசோலையைக் காட்டிக் கேட்டால் ஆறு ஆண்டு உரிமை நிற்கும். வங்கி வாங்க மறுத்த கடதாசி, நீதிமன்றத்திலே வெங்காயத்தைவிட நீண்ட காலம் உயிர் வாழ்கின்றது!

ஆகவே அக்கடனுக்கு 1989ஆம் ஆண்டுவரை உயிர் இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளும் எத்தகையன என்பதை இங்குள்ளோருக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கடைக்காரர் ஒரு தீவுக்கு அப்பால். நீதிமன்றம் சென்றுவரப் பாதையில்லாத நாட்கள். போரினால் உரிமை கோர முடியாதவர்களுக்கென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று வந்ததுண்டு. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கருத்திற்கொண்டு இயற்றப்பட்டது அது. ஆயின் அது காணி முதலிய அசையாச் சொத்துக்களை மீட்பதற்கே உதவிற்று. பெட்டிக்குள் இருந்த காணி உறுதிக்கு அச்சட்டம் கை கொடுத்தது. அதன் பக்கத்திற் கிடந்த காசோலைக்குக் கை கொடுக்கவில்லை.

வங்கியிலும் விசாரித்தோம். முகாமையாளர் இன்சொல்லுடனேயே விடை தந்தார். அக்கணக்கு எப்போதோ மூடப்பட்டுவிட்டது; கணக்கு இருந்தாலும் நாற்பதாண்டுக் காசோலைக்குப் பணம் இல்லை என்றார். வெளியே வரும்போது அம்மாணவன் மெல்ல, "ஆண்டை மாத்திரம் மாற்றி எழுதியிருந்தால்?" என்றான். காசோலையின் திகதியை மாற்றுதல் முக்கிய மாற்றம் எனப்படும். எழுதியவரின் சம்மதமின்றி அவ்வாறு மாற்றினால் உயிரோடுள்ள காசோலையும் அந்தக்கணமே செல்லாததாகும். மாற்றியவன் குற்றவாளியுமாவான் என்று அவனுக்கு விளக்கினேன். பிறகு அவன் அதைப்பற்றிப் பேசவில்லை.

இன்னுமொன்று. அந்த 6,300 ரூபா கிடைத்தேயிருந்தாலும் என்ன ஆகும்? 1983இல் ஒரு போகத்து வியர்வைக்கு ஈடான தொகை, இன்று ஒரு பிள்ளைக்குச் சப்பாத்தும் புத்தகப்பையும் வாங்குவதோடு முடிந்துவிடும். 1983இல் அமெரிக்க டொலர் ஒன்றின் விலை இருபத்தைந்து ரூபாவை எட்டாத அளவில் நின்றது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே 360 ரூபாவையும் தாண்டிற்று. வங்கி ஆறு மாதத்திலும் சட்டம் ஆறு ஆண்டிலும் செய்வதை, விலைவாசி நாள்தோறும் சத்தமின்றிச் செய்துகொண்டிருக்கின்றது. காசுத்தாளை வைத்திருந்தாலும் இதே கதிதான். 1970இல் 50 ரூபா, 100 ரூபாத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டதை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

கடைக்காரரின் மகன் கனடாவில் இருக்கிறாராம் என்று அயலார் ஒருவர் சொன்னார். மாணவனின் தகப்பனார், அவருக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று என்னைக் கேட்டார். வழக்குரிமை இல்லை, ஆனால் கடிதம் எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, அவர் விரும்பிக் கொடுத்தால் வாங்குவதிலும் பழியில்லை என்றேன். அப்பம்மா இடைமறித்தார். "அவர் கேக்காமல் விட்டதை நான் கேக்கிறதோ? அது அவர் குடுத்த தருமம். தருமத்தைத் திருப்பிக் கேக்கிறதில்லை" என்றார். அதன்மேல் அவ்வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாணவியின் செலவுக்கு வேறு வழி தேடினோம். பழைய மாணவர் சிலர் கை கொடுத்தனர். காசோலை மறுபடியும் உறுதிகளோடு பெட்டிக்குட் போயிற்று.

நிற்க. அந்தப் பெரியவரின் செயலை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பே மிகுகின்றது. அவர் அசட்டையால் வங்கிக்குப் போகாதிருந்தவரல்லர். மற்றொருவன் துயரைக் கண்டு போகாதிருந்தவர். ஆயின் சட்டத்துக்கு இவ்வேறுபாடு தெரியாது. இரக்கத்தினால் வாளாவிருந்தவனையும் சோம்பலினால் வாளாவிருந்தவனையும் அது ஒரே கோலால் அளக்கும். அவர் மனத்தில் இருந்தது முழுத் தருமமாயின் அதிற் குறையில்லை. ஆனால் நம்மிற் பலர், "இப்போது வேண்டாம், அவருக்கு வசதி வந்தபின் வாங்கலாம்" என்ற எண்ணத்துடன் காசோலையைப் பெட்டியில் வைக்கின்றனர். அது தவணை கொடுத்தல் என்று அவர்கள் கருதுகின்றனர். சட்டமோ அதனை உரிமையைக் கைவிடுதலாகவே முடிவிற் கொள்ளும். இரக்கங் காட்டுவோர் அதை எழுத்திலே காட்டுதல் வேண்டும். "இன்ன தொகை உமக்குத் தரவேண்டியிருக்கின்றது" என்று கடன்பட்டவர் காலம் கழியுமுன் எழுதிக் கையொப்பமிட்டால், அல்லது ஒரு பகுதியையேனும் செலுத்தினால், கால எல்லை அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஒரு வரி எழுத்து இருவரையும் காக்கும்: கொடுத்தவரின் உரிமையும் குன்றாது, வாங்கியவரின் மானமும் குன்றாது.

தாமதத்தால் வரும் மற்றோர் இடரையும் சொல்லவேண்டும். காசோலை நம் கையிலிருக்கும்போது அது எழுதப்பட்ட வங்கியே முறிந்தால் என்னாகும்? இது கற்பனையன்று. கோப்பிப் பயிர் நோயுற்று அழிந்த காலத்தில், 1884ஆம் ஆண்டு மே மாதம் ஓரியன்டல் பாங்க் கதவடைத்தது. அந்நாளில் இலங்கையிற் புழங்கிய காசுத்தாள்களிற் பெரும்பகுதி அவ்வங்கி வெளியிட்டதே. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்துக் கலவரத்தைத் தணித்தார். அடுத்த ஆண்டு முதல் அரசாங்கமே தாள் வெளியிடத் தொடங்கியது. அந்த உறுதி காசுத்தாளுக்கே கிடைத்தது. காசோலைக்குச் சட்டம் வகுக்கும் நெறி வேறு: நியாயமான காலத்துள் காசோலையை வங்கியிற் காட்டாது வைத்திருந்து, அதற்கிடையில் வங்கி முறிந்து, எழுதியவர் கணக்கில் வைத்திருந்த பணமும் அதனால் அழியுமாயின், அந்த இழப்பின் அளவுக்கு எழுதியவர் பொறுப்பினின்றும் நீங்குவர். காசோலையை வைத்திருந்தவர் முறிந்த வங்கியின் கடன்காரர் வரிசையிற் போய் நிற்கவேண்டியதுதான்.

இனி, மாற்றப்படாத காசோலையின் பணம் எங்கே போகின்றது என்று மாணவர் கேட்பதுண்டு. அது எங்கும் போவதில்லை. எழுதியவரின் கணக்கிலேயே கிடக்கும். அக்கணக்கும் பத்தாண்டு தீண்டப்படாமற் கிடந்தால், 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின்படி கைவிடப்பட்ட சொத்தாகி மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அவ்வாறு மாறிய பின்னரும் உரியவர் அல்லது அவரின் உரித்தாளர் ஆதாரங் காட்டிக் கோரலாம். ஆகவே பழைய சேமிப்புப் புத்தகம் ஒன்று அகப்பட்டால், பழைய காசோலையைக் காட்டிலும் அதன்மேல் நம்பிக்கை வைக்க இடமுண்டு. வங்கியின் பெயர் மாறிவிட்டதே என்று அஞ்சவும் வேண்டாம். நஷனல் அன்ட் கிரின்ட்லேஸ் என்று நம் பெரியோர் அறிந்த வங்கி பல பெயர் பூண்டு, 2000ஆம் ஆண்டில் ஸ்டான்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் வசமாயிற்று. ஒரு வங்கி மற்றொன்றோடு சேர்ந்தால், அதன் கடமைகளும் உடன் சேரும்.

காசோலையை மாற்றாமல் வைத்திருப்பதே பெருமையான ஓரிடமும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகக் கணினியியற் பேராசிரியர் டொனால்ட் குனூத், தம் நூல்களிலே பிழை கண்டு சொல்வோருக்குப் பிழையொன்றுக்கு 2 டொலர் 56 சதம் காசோலையாக அனுப்பிவந்தார். பெற்றவர்களிற் பலர் வங்கிக்குப் போகாமல், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர். வங்கிக் கணக்கு மோசடிகள் பெருகியமையால் 2008 முதல் உண்மைக் காசோலையை விடுத்து, கற்பனை வங்கியொன்றின் பெயரிற் சான்றிதழ் அனுப்பலானார். அப்போதும் அதன் மதிப்புக் குறையவில்லை. செம்மண் தோட்டத்துப் பெரியவரின் காசோலையையும் அவ்வகையிற் சேர்க்கவே என் மனம் விரும்புகின்றது.

எனினும் எல்லோருக்கும் அப்பெருமை கட்டுப்படியாகாது. உழைத்த பணம் வீட்டுக்கு வந்துசேரவேண்டும். ஆதலால் இதை வாசிக்கும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். காசோலை கிடைத்த வாரத்திலேயே அதை வங்கியில் இடுங்கள். ஆறு மாதம் கழிந்து கண்டெடுத்தால், திகதியைத் தொடாமல் எழுதியவரிடம் கொண்டுசென்று புதிய காசோலை கேளுங்கள். அரசாங்கக் கந்தோரோ கம்பனியோ தந்ததாயின், எழுத்துமூலம் விண்ணப்பித்து அதன் பிரதியைக் காப்பாற்றுங்கள். வங்கியே எழுதித் தந்த வரைவோலையாயின் நேரே அவ்வங்கியைக் கேளுங்கள். வாங்கியவரின் கணக்கை விட்டு அப்பணம் அப்போதே நீங்கி வங்கியிடம் இருக்கின்றது. எழுதியவர் இறந்திருந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்துக்குப் பொறுப்பானவரிடமும், பெறுநர் இறந்திருந்தால் அவருடைய உரித்தாளர் என்ற முறையிலும் கோரலாம். ஆறு ஆண்டு நெருங்குமாயின் சட்டத்தரணியைக் காணத் தாமதியாதீர்கள்.

காசோலை எழுதுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் கொடுத்த காசோலை மாற்றப்படாமற் கிடப்பதை வங்கிக் கூற்றிலே கண்டால், "என் பணம் எனக்கே தங்கிற்று" என்று மகிழாதீர்கள். வாங்கியவரைத் தேடி, ஏன் மாற்றவில்லை என்று கேளுங்கள். அவர் மறந்திருக்கலாம், நோயுற்றிருக்கலாம், உங்கள் நிலையைக் கேள்வியுற்று, ஒன்றும் சொல்லாமல் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியுமிருக்கலாம்.